கவிழ்த்துப் பார்க்கும் அண்ணாச்சி

உலகத்தில் ஒரு வகை மனிதர் இருக்கிறார். எதையும் கவிழ்த்துப் பார்க்கிறவர்.

நீங்கள் அவரைச் சந்தித்திருப்பீர்கள். கல்யாண வீட்டு வாசலில் சந்தனக் கும்பாவை நீட்டினால் எல்லாரும் சந்தனத்தை எடுப்பார்கள். இவர் கும்பாவை எடுப்பார். எடுத்து, சந்தனம் சிந்துகிறதே என்ற கவலை இல்லாமல் தலைகீழாகப் பிடித்து, அடிப்பக்கத்தை ஒற்றைக் கண்ணால் நோட்டம் விட்டு, நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டி, விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டி, அந்தச் சத்தம் அடங்கும்வரை காதைச் சாய்த்து நின்று, பிறகு பெண்ணைப் பெற்றவரைத் தனியே அழைத்துப்போய், "இது லேசுப்பட்ட சாமான் இல்ல, தெரிஞ்சுக்கிடுங்க. யாருகிட்டயும் சொல்லிப்புடாதிய" என்பார். பெண்ணைப் பெற்றவர் அதைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியிருப்பார். அதனால் என்ன? துக்க வீட்டுக்குப் போனாலும் தலைமாட்டில் எரியும் குத்துவிளக்கை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். இறந்தவரை நினைத்து உருகுகிறார் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

எங்கள் தென்காசியில் இந்த வகைக்குத் தலைவர் ஆவுடையப்பன் அண்ணாச்சி. பித்தளைப் பாத்திரக்கடை வைத்திருந்தார். பழைய சாமான்களை எடைக்கு வாங்கிப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்த மனிதர்தான். ஒரு சீசனில், குற்றாலத்துக்குக் குளிக்க வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் மழைக்கு ஒதுங்கிக் கடைக்குள் வந்தார். சும்மா நிற்க முடியாமல் ஓர் ஓட்டை விளக்கைக் கையில் எடுத்து, அடியைக் கவிழ்த்துப் பார்த்து, "வெரி ஓல்ட்" என்று சொல்லிவிட்டு, மழை விட்டதும் போய்விட்டார். துரை சொந்த ஊர் போய்ச் சேர்ந்தார். வியாதி இங்கேயே தங்கிவிட்டது.

அண்ணாச்சி வீட்டுக்கு எதிர்வீடு ரெபேக்காள் டீச்சருடையது. சபை நடத்தும் பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுத்தார். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. மாடியறையில் நான் குடியிருந்தேன். அண்ணாச்சியின் மனைவி கோமதியம்மாளுக்கும் டீச்சருக்கும் இடையில் ஒரு தூக்குவாளி ஓயாமல் நடந்துகொண்டிருக்கும். போகும்போது புளிக்குழம்பு, வரும்போது இடியாப்பம்.

ஐம்பத்தெட்டாம் வருஷம், சாரல் தொடங்கியிருந்த ஒரு சாயங்காலம், கோமதியம்மாள் அந்தத் தூக்குவாளியைத் தன் கணவரிடம் கொடுத்து எதிர்வீட்டுக்கு அனுப்பினார். அந்த அம்மாள் வாழ்க்கையில் செய்த பெரிய தவறு என்று நான் கருதுவது அது ஒன்றைத்தான்.

டீச்சர் வீட்டு அலமாரி திறந்திருந்தது. சேலைகளுக்குப் பின்னால் வெளுப்பாக ஏதோ தெரிந்தது. அண்ணாச்சி வாசற்படியிலேயே மோப்பம் பிடித்துவிட்டார். டீச்சர் "வாங்க அண்ணாச்சி" என்று சொல்லி முடிப்பதற்குள் அது அவர் கையில் இருந்தது. டீச்சர் கையில் தூக்குவாளி இருந்தது.

தந்தத்தில் கடைந்த சிற்பம். ஒரு சாண் உயரம்கூட இராது. காலம் பட்டுப் பட்டுப் பாலாடை நிறத்துக்கு வந்திருந்தது. உச்சியில் ஒரு சிறு பையன், கால்மேல் கால் போட்டு, கன்னத்தைக் கையில் சாய்த்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறான். தோளில் ஓர் ஆட்டுக்குட்டி, மடியில் இன்னொன்று, இடுப்பில் சுரைக்குடுக்கை. அவனுக்குக் கீழே அடுக்கடுக்காக மலை. மலை நடுவிலிருந்து ஓர் அருவி விழுகிறது. பறவைகள் அதில் தண்ணீர் குடிக்கின்றன. அடிவாரத்துக் குகையில் ஒரு பெண் ஒருக்களித்துப் படுத்துப் புத்தகம் படிக்கிறாள்.

இயேசுவை மேய்ப்பனாக, அதுவும் குழந்தை மேய்ப்பனாகக் காட்டும் சிற்பம் அது. டீச்சரின் மாமியார் தூத்துக்குடிப் பக்கத்து ஆர்.சி. குடும்பத்தில் பிறந்தவர். போர்த்துக்கீசியர் காலத்தில் கோவாவில் கடைந்து கப்பலில் வந்தது என்று சொல்லி, மருமகள் கையில் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். ஆனால் அவர் வாழ வந்ததும், பின்னால் டீச்சர் வாழ வந்ததும், உருவம் எதையும் வீட்டில் வைக்காத சபைக்காரர் குடும்பத்துக்கு. ஆகவேதான் அலமாரி, சேலை, மறைவு எல்லாம். டீச்சர் அதைக் கும்பிடுவதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் கையில் வைத்திருப்பார். அவ்வளவுதான். அன்றைக்குக் கதவைச் சாத்த மறந்துவிட்டார்.

அண்ணாச்சி கவிழ்த்துப் பார்த்தார். சுரண்டினார். தட்டினார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"டீச்சரம்மா, இது பாலகிருஷ்ணன்" என்றார்.

"இல்ல அண்ணாச்சி. இது ஏசு. தோள்ல கெடக்கது ஆட்டுக்குட்டி."

"கன்னுக்குட்டி."

"நல்லா பாருங்க. ஆடுதான்."

"அந்தக் காலத்துல கன்னுக்குட்டி இப்படித்தான் இருக்கும்" என்றார் அண்ணாச்சி. "நாயக்கர் காலம். சந்தேகமே இல்ல. இந்த அருவி எது தெரியுதா? நம்ம குற்றாலம். குகைக்குள்ள படுத்திருக்கது சீசனுக்கு வந்த ஜமீன் வீட்டம்மா."

"கோவாவுல செஞ்சதுன்னு எங்க அத்தை சொல்லுவாவ."

"கோவாவுல ஏதுங்க அருவி?" என்று அண்ணாச்சி கேட்டார். அவர் செங்கோட்டைக்கு மேற்கே போனதில்லை. "சரி, இதை யாருகிட்டயும் சொல்லிப்புடாதிய. வெளியில தெரிஞ்சா பிரச்சனை."

"நான் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதிய. எங்க சபையில தெரிஞ்சா என்னை ஒரு மாதிரி பேசுவாவ."

"என் கழுத்தை அறுத்தாலும் சொல்ல மாட்டேன்" என்றார் அண்ணாச்சி.

யாரும் அவர் கழுத்தை அறுக்கவில்லை. முகச்சவரம் செய்கிறவர் கத்தியைக் கன்னத்தில் வைத்த உடனேயே சொல்லிவிட்டார். வெற்றிலைக் கடையில் சொன்னார். கோயில் ரத வீதியை ஒரு சுற்றுச் சுற்றிச் சொன்னார். ஒவ்வொருவரிடமும் "யாருகிட்டயும் சொல்லிப்புடாதிய" என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னார். மறுநாள் காலையில் டீச்சர் வீட்டு வாசலில் கூட்டம்.

"டீச்சர், அந்த ரகசியத்தைப் பாக்கலாமா?" என்று கேட்டது கூட்டம்.

கடையநல்லூரிலிருந்து ஜவுளிக்காரர் ஒருவர் வந்தார். பண்பொழி மலைக்குச் சாமி கும்பிடப் போகிற குடும்பம் ஒன்று வழியில் வண்டியை நிறுத்தி, இதையும் பார்த்துவிட்டுப் போவோமே என்று குழந்தைகளோடு இறங்கியது. அண்ணாச்சி வாசலில் நின்று வரிசையை ஒழுங்குபடுத்தினார். வியாழக்கிழமைக்குள் பாலகிருஷ்ணன் நாயக்கர் காலத்திலிருந்து பாண்டியர் காலத்துக்குப் போயிருந்தான். டீச்சர் ஒவ்வொருவரிடமும் "ஏசு, ஆட்டுக்குட்டி" என்று சொல்லிப் பார்த்தார். வந்தவர்கள் அனுதாபத்தோடு தலையை ஆட்டினார்கள். பொருளை வைத்திருக்கிறவர்களுக்கு அதைப்பற்றி ஒன்றும் தெரியாது என்பது இந்த உலகத்தில் எல்லாருக்கும் தெரியுமே.

டீச்சர் பயந்தது நடந்தது. ஏசுவடியான் வந்தார். டீச்சரின் கணவருக்கு அண்ணன். சபைக் கமிட்டியில் உறுப்பினர். சிரிப்பதென்றாலும் கூட்டத்தில் தீர்மானம் போட்டுவிட்டுத்தான் சிரிப்பார். குடையை மடக்கி மூலையில் சாத்தினார். சிற்பத்தைத் தொடாமல் எட்டி நின்று பார்த்தார்.

"ரெபேக்கா, இது நம்ம வீட்டுக்கு ஆகாது."

"நான் கும்பிடல அத்தான்."

"கும்பிடுதியோ இல்லியோ, ஊரே வந்து கும்பிட்டுட்டுப் போகுது. வாசல்ல ஒருத்தி சூடத்தைப் பொருத்திக்கிட்டு நிக்கா. அது இருக்கட்டும். இந்தப் பையன் என்ன செய்யுதான், தூங்குதானா?"

"தூங்குதான்."

"மேய்ப்பன் தூங்கலாமா? ஆடு என்னத்துக்கு ஆகும்?"

அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. "தூக்கம் இல்லவே அது. யோக நித்திரை."

"யோக நித்திரையும் இல்ல ஒண்ணும் இல்ல. கண்ணை மூடி ஜெபம் பண்ணுதார்னு சொன்னா ஒத்துக்கிடுதேன்."

"கன்னத்துல கை வச்சுக்கிட்டா ஜெபம் பண்ணுவாவ?"

இரண்டு பேரும் ஒருமணி நேரம் இதைப் பேசினார்கள். ஒருவர் பாதிக் கண்தான் மூடியிருக்கிறது என்றார். மற்றவர் முழுக்கண்ணும் திறந்திருக்கிறது, காலத்தால் தேய்ந்துவிட்டது என்றார். டீச்சர் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்: "நாள் பூரா ஆடு மேச்ச பிள்ள. அலுப்பா இருக்கும். தூங்குது."

இருவரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

கடைசியில் இருவருக்கும் ஒத்துப்போகிற வழி ஒன்று கிடைத்தது. வீட்டில் இருந்தால்தானே விக்கிரகம்? பொருட்காட்சியில் இருந்தால் சரித்திரம். அண்ணாச்சி அங்கேயே, காப்பி ஆறுவதற்குள், 'தென்பொதிகைப் பழம்பொருள் பாதுகாப்புச் சங்கம்' என்று ஒன்றை நிறுவி, தலைவரானார். குற்றாலத்தில் சீசனுக்கு ஒரு பங்களா வராந்தாவைப் பிடித்துப் பொருட்காட்சி வைப்பது, சீசன் முடிந்ததும் சிற்பத்தைச் சங்கமே வைத்துக்கொள்வது. இதைத் தீர்மானித்தபோது பொருளுக்குச் சொந்தக்காரர் அடுப்படியில் இருந்தார்.

"உங்க தம்பி கடைசி நாள்ல கையில பிடிச்சிருந்தது இதைத்தான், அத்தான்" என்று டீச்சர் கதவருகில் நின்று சொன்னார். "வலி தெரியாம இருக்குன்னு சொன்னாவ."

ஏசுவடியான் குடையின் பிடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதில் தண்ணீர் ஒன்றும் இல்லை. "அவன் சின்னதுலயே அப்படித்தான்" என்றார். பிறகு தொண்டையைக் கனைத்தார். "பள்ளிக்கூடத்துக் காதுக்கு இது போறதுக்குள்ள ஒரு முடிவு கட்டணும் ரெபேக்கா. உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

டீச்சருக்கு வேலை அந்தப் பள்ளிக்கூடத்தில்தான். சரி என்றார். அன்று மாலை மாடிப்படி வரை வந்து என்னைக் கூப்பிட்டு, எதையோ சொல்ல வாயெடுத்து, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

குற்றாலத்தில் பொருட்காட்சி அமோகமாகத் தொடங்கியது. ஐப்பசி அடைமழை ஆனியிலேயே வந்ததுபோல் சாரல் வீசியடித்தது. தலையிலிருந்து கால்வரை எண்ணெய் பூசிக்கொண்டு அருவிக்குப் போகிறவர்களும், குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிறவர்களும் வராந்தாவில் வந்து நிரம்பினார்கள். காரணம் கூரை. அண்ணாச்சி அதைச் சரித்திர ஆர்வம் என்று எடுத்துக்கொண்டார். மூக்கு உடைந்த கெண்டிகள், கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக்கரண்டி, பீரங்கிக் குண்டு என்று எழுதிவைத்த ஓர் அம்மிக்குழவி, இவற்றுக்கெல்லாம் நடுவில் சிவப்பு வெல்வெட்டுத் துணிமேல் தூங்குகிற பையன். பக்கத்தில் 'உலகத்தில் இது ஒன்றே' என்று பலகை. டீச்சர் தோளில் துணிப்பையோடு ஓரமாக நின்றார். பையில் கோமதியம்மாளுக்காக வாங்கின மங்குஸ்தான் பழங்கள். ஏசுவடியான், யாராவது கும்பிட்டால் தடுப்பதற்காகக் குடையோடு நின்றார். நான் கூரைக்காக நின்றேன்.

அண்ணாச்சி பேசினார். அருவி குற்றால அருவி என்றார். பறவைகள் குற்றாலத்துப் பறவைகள் என்றார். எண்ணெய் சொட்டச் சொட்ட நின்ற ஒரு சிவகிரிக்காரர் கூட்டத்திலிருந்து கேட்டார்: "குற்றாலம்னு சொல்லுதிய, ஒரு குரங்கைக்கூடக் காணோமே?"

அண்ணாச்சி ஒரு கணம்தான் யோசித்தார். "குரங்கு அப்ப வரல" என்றார்.

சொல்லிவிட்டு, தன் பேச்சின் உச்சக்கட்டத்துக்கு வந்தார். சிற்பத்தை வெல்வெட்டிலிருந்து எடுத்து, தலைகீழாகத் திருப்பி, "அடிப்பாகத்தைப் பாக்கணும். அங்கனதான் விஷயமே இருக்கு" என்று கையை நீட்டிக் கூட்டத்துக்குக் காட்டினார். வராந்தாக் கைப்பிடிச் சுவரில் வெகுநேரமாக உட்கார்ந்து உரையைக் கேட்டுக்கொண்டிருந்த குரங்கு ஒன்று அந்தக் கை இன்னும் கொஞ்சம் தன் பக்கமாக நீளும்வரை காத்திருந்து, சிற்பத்தை மரியாதையாக வாங்கிக்கொண்டு, எதிரே நின்ற மாமரத்தில் ஏறிவிட்டது.

கூட்டம் 'ஓ' என்று கூச்சலிட்டது. மரத்தில் ஒரு குரங்குக் குடும்பமே இருந்தது. சத்தத்தில் எல்லாம் மிரண்டு நாலாபக்கமும் தாவின. அதில் ஒன்று வாயில் வெள்ளையாக ஒரு தேங்காய்ச் சில்லைக் கவ்விக்கொண்டு செண்பகாதேவி அருவிக்குப் போகும் மலைப்பாதையில் ஓடியது.

"அதோ தந்தம். அதேதான், அந்தப் பளபளப்பைப் பாருங்க" என்று கத்திக்கொண்டு அண்ணாச்சி வேட்டியைத் தூக்கிக் கட்டினார். காலம் கணிப்பதில் இருபது வருஷ அனுபவம் உள்ளவர் சொன்னால் கூட்டம் நம்பாதா? அவர் முன்னால் ஓட, சிவகிரிக்காரர் எண்ணெய் வழிய ஓட, ஏசுவடியான் குடையைப் பிடித்துக்கொண்டு ஓட, எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாதவர்கள் எல்லாரும் பின்னால் ஓட, பாதை வளைவில் மறைந்தார்கள். வராந்தா காலியாகிவிட்டது. நானும் டீச்சரும் பீரங்கிக் குண்டும்தான் மிச்சம்.

டீச்சர் ஓடவில்லை. மாமரத்தடியில் போய் நின்று மேலே பார்த்தார். உண்மையான குரங்கு தாழ்ந்த கிளை ஒன்றில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. சிற்பத்தைத் தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்த்தது. நகத்தால் சுரண்டியது. கிளையில் ஒரு தட்டுத் தட்டிக் காதருகில் வைத்துக்கொண்டது. பிறகு, அண்ணாச்சிக்கு இதுவரை தோன்றாத ஒரு சோதனையாக, ஆட்டுக்குட்டியின் காதைக் கடித்துப் பார்த்தது. அதன் முகம் போன போக்கைப் பார்த்தால், அதற்கும் காலம் தெரியவில்லை என்றே தோன்றியது.

டீச்சர் முகத்தில் ரத்தம் இல்லை. பையிலிருந்து ஒரு மங்குஸ்தானை எடுத்து, தோலை நசுக்கிப் பிளந்து, வெள்ளைச் சுளை தெரியும்படி உள்ளங்கையில் நீட்டினார். மூன்றாம் வகுப்பில் அடம்பிடிக்கும் பிள்ளையிடம் பேசுகிற குரலில் பேசினார்.

"அதுல ஒண்ணும் இல்ல மக்கா. இந்தா, இங்கன வா. இதைத் தின்னு."

குரங்கு இரண்டையும் மாறிமாறிப் பார்த்தது. அதற்குச் சரித்திரம் தெரியாவிட்டாலும் மங்குஸ்தான் தெரியும். சிற்பத்தை விட்டுவிட்டது. டீச்சர் இரண்டு கையாலும் முந்தானையை விரித்தார். பையன் அதில் வந்து விழுந்தான். கண் விழிக்கவில்லை.

டீச்சர் அங்கேயே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரோ என்று நான் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். நான் அங்கே குடியிருந்த காலம் முழுவதிலும் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணிலிருந்து தண்ணீர் வழிய, "ஜெபம் பண்ணுதாராம், ஜெபம்" என்று ஏதோ சொல்லித் திரும்பத் திரும்பச் சிரித்தார். பிறகு எழுந்து, சிற்பத்தைத் துடைத்து, பையில் பழங்களுக்கு அடியில் வைத்தார். என்னைப் பார்த்தார். நான் மழையைப் பார்த்தேன்.

கூட்டம் இருட்டுவதற்கு முன்பே திரும்பி வந்தது. அண்ணாச்சிக்கு முழங்கால் சிராய்ந்திருந்தது. செருப்பு ஒன்றுதான் இருந்தது. டீச்சருக்கு முன்னால் அவர் வந்து நின்று, கையை விரித்தார்.

"டீச்சரம்மா, குரங்கு கொண்டுபோயிட்டு."

"ஆமா அண்ணாச்சி" என்றார் டீச்சர். "கொண்டுபோயிட்டு."

அதில் பொய் ஏதும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஏசுவடியான் குடையை மடக்கினார். "எல்லாம் கர்த்தருடைய சித்தம்" என்றார். முகத்தில் ஒரு தெளிச்சி. "ஆமா அத்தான்" என்றார் டீச்சர் அதற்கும். பஸ்ஸில் அண்ணாச்சி டீச்சருக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். வழிநெடுக அவர் பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, நெரிசலில் பழம் நசுங்காமல் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார். வாழ்க்கையில் அவர் கவிழ்த்துப் பார்க்காத ஒரே பொருள் அந்தப் பை.

முதல் வாரம் அண்ணாச்சி சாப்பிடவில்லை. கடைக்குப் போகவில்லை. டீச்சருக்கு மனசு கேட்காமல், சொல்லிவிடலாமா என்று என்னிடமே கேட்டார். ஆனால் இரண்டாவது வாரம் அண்ணாச்சிக்கு ஒரு விஷயம் புலப்பட்டது. பொருள் காணாமல் போய்விட்டது. ஆகவே இனி அதைப்பற்றி அவர் சொல்வதை யாரும் எதிரே வைத்துச் சரிபார்க்க முடியாது. அன்றைக்கு இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டார்.

பிறகு அந்தச் சிற்பம் வளர ஆரம்பித்தது. ஒரு சாண் இருந்தது ஒரு முழம் ஆனது. அறுபதாம் வருஷம் இடுப்பளவு. ஆடுகள் குட்டி போட்டு மந்தையாகிவிட்டன. சங்கத்தில் ஆள் சேர்ந்தார்கள். ஒவ்வொரு சீசனிலும் கயிறும் பாதாளக்கரண்டியும் எடுத்துக்கொண்டு செண்பகாதேவி வழியில் தேடப் போனார்கள். கோமதியம்மாள் கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைத் தின்று, அருவியில் குளித்து, இளைப்பாறித் திரும்பினார்கள். காலமும் சும்மா இருக்கவில்லை. பாண்டியர் காலத்தைத் தாண்டி, பொதிகையில் அகத்தியரே கையால் கடைந்தது என்று வந்து நின்றது.

"அகத்தியர் காலத்துல ஏசு பிறக்கவே இல்லவே" என்றார் ஏசுவடியான். அவரும் இதற்குள் சங்கத்துக்கு உபதலைவர்.

"அதான்வே அதிசயம்" என்றார் அண்ணாச்சி.

அறுபத்திரண்டோ மூன்றோ, கிறிஸ்துமஸுக்கு முந்தின ஒரு சாயங்காலம், கோமதியம்மாள் தூக்குவாளியோடு டீச்சர் வீட்டுக்குள் நுழைந்தார். கதவு சாத்தித்தான் இருந்தது. அந்த அம்மாள் கதவைத் தட்டிப் பழகினவர் இல்லை. டீச்சர் மடியில் சிற்பம் இருந்தது. மறைக்க நேரமில்லை. இதை டீச்சரே பின்னால் என்னிடம் சொன்னார்.

கோமதியம்மாள் வாளியைக் கீழே வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். கையை நீட்டி வாங்கி, பையன் முகத்தை ஒரு விரலால் தடவினார். ஆட்டுக்குட்டியின் காதில் பல் பட்ட தடத்தைப் பார்த்தார்.

"பிள்ள நல்லா தூங்குதே" என்றார்.

"அண்ணாச்சிகிட்ட நான் சொல்லியிருக்கணும்" என்றார் டீச்சர். "எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்துட்டு."

"ஐயையோ, சொல்லிப்புடாதிய டீச்சர்." கோமதியம்மாள் சிற்பத்தைத் திரும்ப அவர் மடியில் வைத்தார். "நாலு வருஷமா அவிய ரொம்ப சந்தோஷமா இருக்காவ. காப்பி டம்ளரைக்கூட கவுத்துறது இல்ல. கெடைச்சுட்டுன்னு தெரிஞ்சா மனுசர் ஒடிஞ்சு போவாவ."

அதன்பிறகு அந்தத் தூக்குவாளி வந்துபோகும் நேரங்களில் இரண்டு பெண்களும் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் சேர்ந்து உட்கார்ந்திருப்பது வழக்கமாயிற்று. எதிர்வீட்டு வாசலில் அண்ணாச்சி அடுத்த தேடலுக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கும் குரல் கேட்கும்.

இவ்வளவையும் படித்த உங்களுக்கு என்ன தோன்றுகிறது? சிரித்தீர்கள், சரி. ஆனால் உள்ளே எங்கேயோ ஒரு சின்ன நமைச்சல் இருக்கிறதா? அது உண்மையில் எந்த நூற்றாண்டு என்று எழுதினவன் கடைசிவரை சொல்லவில்லையே என்று? டீச்சர் வீடு எந்தத் தெருவில் என்று கேட்க வாய் வருகிறதா? தந்தம்தானா, மாட்டெலும்பாக இருக்குமோ, நான் ஒரு தடவை கையில் எடுத்துப் பார்த்தால் சொல்லிவிடுவேன் என்று விரல் நுனி துடிக்கிறதா?

துடித்தால் குற்றமில்லை. நல்ல மனிதர்களுக்கெல்லாம் வருகிற வியாதிதான். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர், நீங்கள் சந்தோஷமாக இருக்கட்டும் என்று, ஏதோ ஒன்றை உங்களிடம் சொல்லாமல் வைத்திருக்கிறார். போய்க் கேட்டுப் பாருங்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லையே என்பார். சொல்லிவிட்டு, காப்பி கொண்டுவர எழுந்து போவார்.